மண்ணும் மதுவும் – 9: எரிமலை போட்ட மூடாக்கு

சென்ற வாரம் பார்த்த மோசெல் ஆற்றங்கரையில் தண்ணீருக்குக் குறைவில்லை, வெயிலுக்குத்தான் ஏக்கம். இந்த வாரம் போகும் இடத்தில் வெயில் மட்டுமே தாராளம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கும் லான்சரோட்டே, ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறக்குறைய 150 மில்லிமீட்டர்தான்.

காரணம், தீவின் உயரக் குறைவு. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துதான் வருகிறது. அதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த தெனெரீஃபேயில் 3,700 மீட்டரைத் தாண்டிய தெய்தே மலை அந்தக் காற்றை மறித்து ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. லான்சரோட்டேயின் உச்சியே 670 மீட்டர். மேகம் கடந்து போய்விடும். காற்று மட்டும் தரையை அறையும்.

1730 செப்டம்பர் 1 இரவு லான்சரோட்டேயின் திமான்ஃபாயாவில் பூமி பிளந்தது. யைசா ஊர்ப் பாதிரியார் குர்பெலோ அதை எழுதி வைத்திருக்கிறார். 1736 வரை எரிமலை ஓயவில்லை. தீவின் கால்பங்கை லாவா மூடியது. தானியம் விளைந்த நிலங்கள் ஊர்களோடு புதைந்தன. பலர் அதே கூட்டத்தின் இன்னொரு தீவான கிரான் கனாரியாவுக்குக் கப்பலேறினார்கள்.

லாவா ஓடி இறுகிய இடங்களில் பெரும்பாலும் இன்றும் வெறும் பாறைதான். லா ஹெரியா பள்ளத்தாக்கில் விழுந்ததோ கருஞ்சாம்பலும் பொடிச் சரளையும். உள்ளூர்க்காரர்கள் அதைப் 'பிகோன்' என்கிறார்கள். அதன் அடியில் பழைய விளைமண் அப்படியே இருந்தது. நுண்துளை நிறைந்த அந்தச் சரளை, பெய்யும் கொஞ்ச மழையையும் ஓடவிடாமல் உள்ளே இறக்கிவிடுகிறது. பிறகு வெயில் மண்ணைத் தொடாமல் தடுக்கிறது. நம் விவசாயி வைக்கோல் பரப்பிப் போடும் மூடாக்கை அங்கே எரிமலை போட்டிருந்தது.

ஆனால் லா ஹெரியாவை இயற்கையின் கொடை என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. திராட்சைக் கொடியின் வேர் பழைய மண்ணைத் தொட்டாக வேண்டும். அதற்காகச் சாம்பலைத் தோண்டி, சில இடங்களில் மூன்று மீட்டர் ஆழத்துக்குப் புனல் வடிவக் குழிகள் எடுத்தார்கள். குழிக்கு ஒரு கொடி, சிலவற்றில் இரண்டு. காற்று வரும் திசையில் சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் எரிமலைக் கற்களை அடுக்கி, பிறைவடிவச் சுவர். காற்று மறுபடி மறுபடி சாம்பலைச் சரித்துக் குழியைத் தூர்க்கும். மறுபடி மறுபடி வார வேண்டும். இன்றைக்கும் அங்கே எந்திரம் இறங்க வழியில்லை.

குழிக்கு இவ்வளவு இடம் போனால் ஹெக்டேருக்குச் சுமார் 300 கொடிதான் நிற்கும். ஐரோப்பியத் தோட்டங்களில் அதே பரப்பில் ஆயிரக்கணக்கில் நிற்கும். மகசூலும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,500 கிலோதான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. முக்கிய ரகம் மல்வசியா வோல்கானிக்கா என்ற வெள்ளைத் திராட்சை. ஜூலைக் கடைசியிலேயே அறுவடை தொடங்கிவிடும், ஐரோப்பாவின் பெரும்பாலான தோட்டங்களில் காய் முற்றாத காலம் அது. எலுமிச்சையின் புளிப்பும் லேசான உப்புக்கரிப்பும் உள்ள ஒயின்.

சாம்பல் மெலிந்த பகுதிகளில் நேர்க்கோட்டில் பள்ளம் பறித்து நெருக்கமாக நடுகிறார்கள். விளைச்சல் கூடுகிறது, வேலை குறைகிறது. கணக்குப் பார்க்கிற விவசாயி அந்தப் பக்கம் போவதைக் குறை சொல்ல முடியாது. குழித் தோட்டம் நிலைக்க வேண்டுமானால், அங்கே குனிந்து சாம்பல் வாருகிறவரின் கூலியும் சேர்ந்த விலையில்தான் அந்த ஒயின் விற்க வேண்டும்.

அடுத்த வாரம் கிரேக்கத்தின் சாண்டோரினி. அங்கும் எரிமலை மண், அங்கும் காற்று. ஆனால் வழி வேறு. கொடியையே வளைத்துக் கூடையாகப் பின்னுகிறார்கள்.