தண்ணீரில் தத்தளிப்பவரைப் பார்த்ததும் குதிக்கலாமா? முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

2020 ஆகஸ்ட். பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இருவர் பிழைத்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

அப்போது எல்லோரும் அவர்களின் துணிச்சலைத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் செய்தது, நீர்மீட்புப் பயிற்சியில் சொல்லித்தரும் முறையும்கூட. ஒரு சேலையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். மூழ்குபவரின் கை நம் கழுத்தைப் பிடிக்காமல் இருக்க அந்த இடைவெளி போதும்.

இடைவெளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கச் சென்ற சிறுமிகள், இளம்பெண்கள் என 7 பேர் உயிரிழந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் அடக்கம்.

காப்பாற்றப் போனவர் ஏன் மூழ்குகிறார்?

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்பதுதான் பலரும் சொல்வது. தனியாக நீந்துவது வேறு, உயிர்ப் பயத்தில் இருப்பவரை இழுத்துக்கொண்டு நீந்துவது வேறு. மூழ்குகிறவருக்கு அந்த நேரத்தில் மூச்சு ஒன்றுதான் குறி. கைக்குக் கிடைப்பதை அமுக்கி, அதன்மேல் ஏறப் பார்ப்பார். கிடைத்தது அண்ணனா, நண்பனா என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

சினிமாவில் வருவதுபோல "காப்பாத்துங்க" என்று கத்தவும் பெரும்பாலும் மாட்டார். மூச்சு விடவே முடியாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா இதைக் கவனித்துப் பதிவு செய்தவர். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்க, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் உள்ளே போய்விடலாம்.

இடமும் ஒரு காரணம். முதல் ஆள் வழுக்கிய அதே பள்ளம்தான் இரண்டாவது ஆளுக்கும் காத்திருக்கிறது. மணல் அள்ளிய குழி, தடுப்பணை ஓரத்துச் சேறு எதுவும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதிலும் இதே ஆபத்துதான். ஒருவர் கால் நழுவினால் வரிசையே போகும்.

காப்பாற்றப் போய் மூழ்குபவர்களைப் பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஃபிராங்க்ளினும் பியர்னும் 2011-ல் எழுதிய கட்டுரைக்கு 'பாசத்துக்காக மூழ்குதல்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். பொருத்தமான பெயர். குழந்தை தத்தளிக்கும்போது எந்த அப்பா கணக்குப் போடுவார்? அதனால்தான் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

சரி, என்னதான் செய்வது?

முதலில் சத்தம் போட்டு ஆள் கூட்டுங்கள். ஒருவர் 112-க்கோ 108-க்கோ அழைக்கட்டும். இன்னொருவர் மூழ்குபவரிடமிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. அவர் எங்கே மறைந்தார் என்பது பிறகு தேவைப்படும்.

கரைக்குப் பக்கத்தில் என்றால் குப்புறப் படுத்துக்கொண்டு கழி, துப்பட்டா, வேட்டி, பெல்ட் எதையாவது நீட்டுங்கள். நின்றபடி நீட்டினால் அவர் இழுக்கும் வேகத்தில் நீங்களும் உள்ளே போவீர்கள். தள்ளி இருந்தால் மிதக்கும் பொருளை வீசுங்கள்: மூடிய காலி தண்ணீர் கேன், டியூப், பிளாஸ்டிக் குடம். சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய ஊர்தானே இது! கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது. அவருக்குச் சற்று அப்பால் விழும்படி வீசி, மெல்ல அவர் பக்கம் இழுக்க வேண்டும். பரிசல், படகு கிடைத்தால் அதில் போகலாம்.

எதுவுமே இல்லை, இறங்கியே ஆக வேண்டும் என்றால்? நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. மிதக்கும் பொருளை அவருக்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டால் மேலே வரப் போராடாமல் கீழே அமிழுங்கள். அவருக்கு வேண்டியது காற்று, பெரும்பாலும் பிடியை விட்டுவிடுவார். நீச்சல் தெரியாதவர் இறங்காமல் கரையில் நிற்பது பார்ப்பவர்களுக்குக் கோழைத்தனமாகத் தெரியலாம். ஆனால் அவர் இறங்கினால் தேட வேண்டியது இரண்டு பேரை.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு

வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். அதில் வீணாவது நேரம்தான். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும்.

வார இறுதியில் அணை, அருவி என்று நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் கார் டிக்கியில் ஒரு நைலான் கயிறும், மூடியோடு ஒரு காலி 5 லிட்டர் கேனும் போட்டுக்கொள்ளலாம். பெரிதாகச் செலவு ஒன்றும் இல்லை.