முகாமுக்குப் பேர் எழுதும் முன்

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ‘ப’, ‘ம’, ‘ய’ மூன்றையும் ஒன்றாக்கி எழுதினான் ஒரு பையன். வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் மருத்துவ முகாமுக்குப் பேர் கொடுத்துவிடலாம் என்றார் வகுப்பு டீச்சர். வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டிய ஈராசிரியர் பள்ளி எங்களுடையது; நான் தலைமையாசிரியை. பேர் கொடுக்குமுன் பிள்ளையைத் தெரிந்தவர்கள் கூடிப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

வகுப்பு டீச்சர், சிறப்புப் பயிற்றுநர், சத்துணவு அமைப்பாளர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், அம்மா என்று உட்கார்ந்தோம். “விடியறதுக்கு முன்னாடியே முல்லைப்பூ பறிக்க எங்கூட வந்துடுவான் டீச்சர்” என்றார் அம்மா. பாதி வகுப்பு தூக்கத்தில் போவது அப்போதுதான் புரிந்தது. சத்துணவு அமைப்பாளர் சொன்னது இன்னும் முக்கியம்: “கிட்ட வந்தாத்தான் ஆளே அடையாளம் தெரியுது அவனுக்கு.” கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி வந்தது.

கண்ணாடி போட்டதும் படிப்பு வந்துவிடாது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. இவன் அரும்பு. முன்வரிசை, தினம் இருபது நிமிஷம் தனிப்பயிற்சி, பூ பறிப்பிலிருந்து விடுமுறை. எந்த எழுத்து வந்தது, எது வரவில்லை என்று வாராவாரம் நோட்டில் குறித்தோம். ஆறு வாரத்தில் மொட்டுக்கு வந்தான்.

அமெரிக்காவில் 2004-ல் திருத்திய சிறப்புக் கல்விச் சட்டமும், இப்படி மாற்றிச் சொல்லிக்கொடுத்தபோது பிள்ளை எப்படித் தேறியது என்பதையும் பார்த்துக் கற்றல் குறைபாட்டை முடிவுசெய்ய இடம் தருகிறது. அங்கே பள்ளி உளவியலாளர்கள் உண்டு. எங்களுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் பொது.

கூடிப் பேசி மாற்றிப் பார்ப்பதைச் சாக்காக வைத்துக் காலம் கடத்துவதும் தப்பு. காது கேட்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால் ஒரு நாளும் காக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. அதற்கான உதவி பிள்ளையின் உரிமை. அதே வகுப்பில் ஒரு சிறுமிக்கு எதை மாற்றியும் எழுத்து நிற்கவில்லை. தாமதிக்காமல் முகாமுக்கு அனுப்பினோம், அவளுக்கும் அதேபோல் குறித்த நோட்டோடு. வெறும் ‘மெல்லக் கற்பவர்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்?

இப்போது கூட்டத்தை மதியம் மூன்றரைக்கு வைக்கிறோம். காலையில் வைத்தால் உப்பளத்தையும் பூவையும் விட்டுவிட்டு எந்த அம்மா வருவார்?