கருப்பு வெள்ளை அச்சில் தொனி கெடுவது ஏன்?

கருப்பு வெள்ளை ஒளிப்படம் என்று நாம் வழங்கினும், அப்படத்தை ஆக்குவன கருப்பும் வெள்ளையும் மட்டும் அல்ல. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தின் எண்ணற்ற படிநிலைகளே ஆகும். நெற்றியின் ஒளியிலிருந்து கண்குழியின் நிழல்வரை அவை சிறிது சிறிதாக இறங்கும்போதுதான் முகம் முகமாகின்றது. இவ்விறக்கத்தையே தொனி என்கின்றோம்.

இல்லங்களிலும் கல்விக்கூடங்களிலும் உள்ள பழைய குழுப்படங்களை ஸ்கேனர் வழியாகக் கணிப்பொறியில் ஏற்றி, இங்க்ஜெட் அச்சுப்பொறியில் மீண்டும் அச்சிடுவது இன்று எளிதாகியுள்ளது. ஆயினும், திரையில் தெளிவாகத் தோன்றும் படம் தாளில் மாறிவிடுவதுண்டு. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மறைகின்றன. கரிய முகங்கள் ஒரே இருளாகின்றன. படம் முழுவதும் பச்சையோ செம்மையோ படர்கின்றது. மறைந்த பெரியவர் ஒருவருக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு படமே எனின், இஃது அச்சுக் குறை மட்டுமன்று. அவர் முகத்தையே இழப்பதாகும்.

குறை கண்டவுடன் படக்கோப்பைத் திருத்த முற்படுவதே பலரது இயல்பு. பிழை படத்திலா, திரையிலா, மையிலா, தாளிலா என்று அறியாமல் திருத்துவது நோயறியாது மருந்தூட்டுவதை ஒக்கும். ஆதலின் முதற்கண் வேண்டுவது ஓர் உரைகல்.

அன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் ஆகிய அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் 1940ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த மண்டல முறை, முழுக் கருமை முதல் முழு வெண்மை வரையிலான தொனிகளை 11 படிகளாகப் பகுத்தது. அதே நெறியில் நாமும் 0 முதல் 100 விழுக்காடு வரை ஐந்தைந்தாக உயரும் 21 சாம்பல் கட்டங்களைக் கணிப்பொறியில் வரைந்து, படத்தை அச்சிடும் அதே தாளில், அதே அமைப்பில் அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். கட்டங்கள் யாவும் தனித்தனியே தெரிந்து, நிறச்சாயலும் இன்றி அமைந்தால் குறை கோப்பிலோ திரையிலோ உள்ளது. கட்டங்களே கெட்டிருப்பின் மை, தாள், அமைப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

கட்டங்கள் கெட்டிருந்தால் முதலில் மைத்துளைச் சோதனை செய்க. துளையொன்று அடைபட்டாலும் வெண்கோடுகளும் நிறச்சாயலும் தோன்றும். துளைகள் சீராக இருந்தும் சாயல் நீங்காவிடின், பொறி நீலம், செம்மை, மஞ்சள் மைகளைக் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்குகின்றது எனலாம். இக்கலவை பகலொளியில் நடுநிலையாகத் தோன்றி, குழல்விளக்கின் கீழ்ப் பச்சையாகத் தோன்றக்கூடும். எனவே, படம் மாட்டப்படும் இடத்தின் ஒளியிலேயே அதனை மதிப்பிடுதல் தகும். இக்குறையைக் குறைக்கவே கருமையும் இருவகைச் சாம்பலுமாக மூன்று மைகள் கொண்ட பொறிகள் வந்தன. 2005இல் வெளிவந்த எப்சன் ஆர்2400 அவற்றுள் ஒன்று. நிற மேலாண்மையை மென்பொருளும் அச்சுப்பொறியும் ஒருசேர மேற்கொண்டாலும் தொனி திரியும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

கருங்கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் தாளின் பெயர் அமைப்பில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று காண்க. தவறான தாளைக் குறித்தால் மை மிகுந்து நிழற்பகுதி அடைந்துபோகும். பளபளப்பற்ற தாளுக்கும் பளபளப்புத் தாளுக்கும் தனித்தனிக் கருமை மைகள் உண்டு. பளபளப்பற்ற தாளின் மிகு கருமையும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். நல்ல பளபளப்புத் தாளிலோ அது 150இல் ஒரு பங்களவிற்குக் குறையும். ஆகவே ஒரு தாளில் கிட்டும் ஆழத்தை மற்றொன்றில் எதிர்பார்த்தல் பொருந்தாது.

கட்டங்கள் செம்மையாக இருந்தும் படம் இருண்டிருப்பின், திரை மிகு ஒளியுடன் வைக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். ஒளிரும் திரையைக் கண்டு நாம் படத்தை இருட்டாக்கிவிடுகின்றோம். அறையொளிக்கு ஏற்பத் திரையைத் தணித்தல் வேண்டும். வெள்ளாடை வெறுமையானால், கோப்பில் அவ்விடம் 255 என்னும் உச்ச எண்ணை எட்டியுள்ளதா என்று பார்க்க. அவ்வெண்ணுக்குப் பொறி மை இடுவதே இல்லை, வெறுந்தாளே எஞ்சும். வானமும் கன்னமும் படிக்கட்டுப்போல் வெட்டுண்டு தோன்றினால், 8 பிட் கோப்பின் 256 படிகளை அளவுக்கு மீறி விரித்திருக்கின்றோம் என்பது பொருள். 65,536 படிகள் தரும் 16 பிட் அளவில் மீண்டும் ஸ்கேன் செய்வதே தீர்வு. தொலைந்த படிகளை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது.

அச்சிட்டவுடன் முடிவு கூறாமல், மை உலர ஒரு நாள் விடுதல் நன்று. உலர்ந்தபின் தொனி சற்றே மாறுவதுண்டு. முதல் ஸ்கேன் கோப்பைத் தொடாது பாதுகாத்து, படியெடுத்த கோப்பிலேயே திருத்தங்களைச் செய்தல் வேண்டும்.

ஒரு சிறு தாளில் அச்சிடும் 21 கட்டங்கள் பல பெருந்தாள்களையும் மையையும் மிச்சப்படுத்தும். அதனினும் மேலாக, முன்னோர் முகங்களை நம் விருப்பப்படி மாற்றாமல், ஒளி பதித்தவாறே அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கத் துணைபுரியும். பழம்படங்களைப் பேணும் பொறுப்பேற்கும் மாணவர்கள் இச்சோதனையை முதற்பாடமாகக் கொள்வார்களாக.