பழைய ரிவால்வர் வாங்கலாமா?

பழைய சைக்கிளோ தையல் இயந்திரமோ வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்போம். விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவோம். விலையைக் குறைத்துக் கேட்போம். ஆனால் செம்பனைக் காட்டில் பன்றித் தொல்லை கூடிவிட்டது என்றோ, லயத்தில் திருட்டு மலிந்துவிட்டது என்றோ பேச்சு எழும்போது, "அண்ணே, ஒரு பழைய ரிவால்வர் இருக்கிறது, சும்மா கொடுக்கிற விலை" என்று காதோடு சொல்கிற ஆளும் எப்போதாவது வரத்தான் செய்கிறான். அப்படிப்பட்ட பேரத்தைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

முதலில் சாமானைப் பார்ப்போம். ரிவால்வர் என்பது சுழல் துப்பாக்கி. குழலுக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கும். அதில் பெரும்பாலும் 6 துளைகள். துளைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை ஒரு துளையளவு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். பின்னாலுள்ள சுத்தியல் அதன் அடியில் தட்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த 'நேராக நிற்பதில்'தான் எல்லாமே இருக்கிறது. உருளையைத் தள்ளுகிற சிறு பல்லும், பிடித்து நிறுத்துகிற தாழும் தேய்ந்துபோனால், துளை குழலைவிட்டு ஒரு மயிரிழை விலகி நிற்கும். அப்போது குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவர் கைக்கும் ஆபத்து. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் ஆபத்து.

வெப்லி, என்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் ரிவால்வர்களைக் கீல் போல மடக்கித் திறந்து தோட்டா போடுவார்கள். வயதாக வயதாக அந்தக் கீலும் கொக்கியும் தளரும். போதாக்குறைக்கு நம் நாட்டு ஈரக் காற்று. எண்ணெய் காணாத இரும்பு உள்ளே அரித்துப் போயிருப்பது வெளியில் தெரியாது. மேலே மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். தோட்டாவும் பழசானால், 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டுச் சற்றுத் தாமதித்து வெடிப்பதுண்டு. வெடிக்கவில்லையே என்று குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பவன் கதி என்னவாகும்?

சரி, இவற்றையெல்லாம் சோதித்து வாங்கலாமே என்பீர்கள். சோதிப்பதற்கு அதைக் கையில் வாங்க வேண்டுமே! சங்கதி அங்கேதான் இருக்கிறது.

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் பொறுப்பு. லைசென்சு முதலில், துப்பாக்கி பிறகு. விற்பவன் தன் பெயரில் உள்ள காகிதத்தைக் காட்டினாலும் அது வாங்குபவருக்குச் செல்லாது. மோட்டார் சைக்கிளைப்போல் 'பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. "சுடாது, வெறும் பழைய இரும்பு" என்ற சமாதானமும் எடுபடாது. சுடும்படி மாற்றக்கூடியதும், துப்பாக்கியின் ஓர் உறுப்பும்கூடச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. பையன்கள் குருவி சுட ஆசைப்படுகிற காற்றுத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தண்டனையையும் சொல்லிவிடுகிறோம். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, அனுமதியின்றி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை. அதோடு 6க்குக் குறையாத பிரம்படி. சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை, வைத்திருந்தாலே போதும்.

இந்தக் கண்டிப்பு நேற்று வந்ததன்று. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதே தூக்குக்குரிய குற்றமாயிற்று. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் ரிவால்வரோடு பிடிபட்டார். இந்திய அரசாங்கம் பரிந்து பேசியும் பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி அபிப்பிராயங்கள் பலவாக இருக்கலாம். அவர் மீது நிரூபிக்கப்பட்ட குற்றம் ஆயுதம் வைத்திருந்தது என்பதே. பிற்காலத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இக்குற்றத்துக்கு மரண தண்டனை வைத்திருந்தது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டதைக் கேட்டு, "இப்போது பயமில்லை" என்று சொல்கிறவர்கள் 14 ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். பால் வெட்டுகிற கை 14 ஆண்டுகள் வீட்டில் இல்லாவிட்டால் அந்த அடுப்பில் யார் உலை வைப்பது?

திருடனுக்காகத்தானே என்று கேட்கிறவருக்கும் ஒரு வார்த்தை. லயத்து வீடு நமக்குத் தெரியாததா? இரண்டு அறை; நடுவில் பலகைச் சுவர்; அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்குகிறது. குண்டுக்குப் பலகை ஒரு தடையன்று. ஒளித்துவைக்க இடமேது? அரிசி டின்னிலும் கட்டிலுக்கடியிலும் அம்மா வைப்பதையெல்லாம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது நன்றாகவே தெரியும். திருட்டுக்கு நாயும், வாசல் விளக்கும், 1975இல் நாட்டில் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா போன்ற அக்கம்பக்கத்துக் காவலும் உண்டு. பன்றித் தொல்லையென்றால் தோட்ட நிர்வாகத்திடமும் வனவிலங்குத் துறையிடமும் சொல்லுங்கள். அதற்கு ரிவால்வர் உதவவும் உதவாது. சிறு குழலில் பாய்கிற குண்டு பன்றியைக் காயப்படுத்தும், காயம்பட்ட பன்றி திரும்பிப் பாயும்.

இன்னொன்று. நிலத்தைக் கொத்தும்போது பழைய தோட்டாவோ துப்பாக்கியோ அகப்பட்டால் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்; பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இடத்துக்கு அடையாளம் வைத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். லைசென்சு வைத்திருந்த தாத்தா காலமானால், துப்பாக்கி பெட்டியோடும் வேட்டியோடும் சேர்ந்து வருகிற சொத்தன்று. தாமதியாமல் போலீஸ் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஆனால் துப்பாக்கியை நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எப்படி ஒப்படைப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.