கேரவனைக் கழற்றிவிட்ட பிறகு

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நமக்கு நினைவு வரும். ஆஸ்திரேலியாவில் அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகவேண்டியதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கே குளிர் வாட்டும்போது, பணி ஓய்வு பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் குவீன்ஸ்லாந்தின் வெப்பமண்டல வடக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிரிஸ்பேனிலிருந்து அங்குள்ள கெய்ன்ஸ் நகரம் சுமார் 1,700 கிலோமீட்டர். வழிநெடுகப் பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, நண்பர் வீடுகளை ‘நேரமிருந்தால் போவோம்’ என்று கடைசியில் சேர்ப்பதுதான் பலரின் வழக்கம். நண்பர்களின் ஊர்களை முதலில் குறித்து, மற்றதை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

ஏனென்றால், அங்கே பார்க்கத் தக்கவற்றில் பல, கேரவனை இழுத்துக்கொண்டு போக ஏற்ற இடங்களே அல்ல. கெய்ன்ஸுக்குத் தெற்கிலிருந்து ஆதர்ட்டன் பீடபூமிக்கு ஏறும் கில்லிஸ் மலைச்சாலையில் 19 கிலோமீட்டருக்குள் 250க்கும் மேற்பட்ட வளைவுகள். மேலே ஈச்சம், பாரின் என்ற எரிமலைவாய் ஏரிகள், திரைச்சீலைபோல் விழுதுகள் தொங்கும் பிரமாண்டமான அத்திமரம், மில்லா மில்லா அருவி. வடக்கே டெயின்ட்ரீ ஆற்றை, கம்பிவடம் இழுக்கும் படகில் காரோடு கடக்க வேண்டும். கேப் டிரிபுலேஷனுக்கு அப்பால் தார்ச்சாலை முடிந்து, ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான மண்பாதை. ஆக, கேரவனை எங்காவது கழற்றிவிட்டுக் காரில் மட்டும் சுற்றுவதே வசதி. அதற்குக் கேரவன் பூங்காக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் குளிர்காலத்தில் நல்ல பூங்காக்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். அதைவிட முக்கியம், பூங்காவில் இடம் கிடைத்தாலும் ஊர் விவரம் கிடைக்காது. முதலை எச்சரிக்கைப் பலகையை யாரும் படித்துக்கொள்ளலாம். பீடபூமியில் எந்த நேரத்தில் மேகம் விலகும், எந்த அருவியில் இப்போது தண்ணீர் கொட்டுகிறது என்பதை அங்கேயே வாழ்பவர்தான் சொல்லமுடியும். இது மழைக்காட்டுப் பகுதி. கடலோர டல்லியில் 1950இல் மட்டும் ஏறக்குறைய 7,900 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையின் ஓராண்டுச் சராசரி சுமார் 1,400தான்.

நண்பர் இருப்பது சுவாரசியமில்லாத ஊராக இருந்தால்? பெரும்பாலோர் பெட்ரோல் போட்டுவிட்டுக் கடந்துபோகும் கரும்பு ஊரான இன்னிஸ்ஃபெய்லையே எடுத்துக்கொள்வோம். 1918இல் புயல் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது; அதன்பின் எழுந்த ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் இன்றும் கடைத்தெருவில் நிற்கின்றன. கரும்பு வெட்டும் பருவமும் இதே மாதங்களில்தான். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் குட்டி ரயில்கள் சாலையைக் குறுக்கிட்டுப் போகும். கூட வந்து காட்ட ஓர் ஊர்க்காரர் இல்லாவிட்டால் இதெல்லாம் காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும்.

விருந்தாளித் தொல்லை என்ற ஆட்சேபம் நியாயமானது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. வெயிலடிக்கும் ஊரில் வீடு வைத்திருப்பவருக்குக் குளிர்காலம் முழுக்க விருந்துதான். ஆனால் கேரவனில் வருபவர் படுக்கையையும் கழிப்பறையையும் கூடவே கொண்டுவருகிறார். வீட்டுக்காரர் அறையை ஒழிக்க வேண்டியதில்லை, சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் போதும். வீட்டு வளாகத்தில் கேரவனில் தங்க உள்ளூராட்சி விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அங்குள்ள கடலில் இருக்கும் பவளத்திட்டுக்கு மட்டும் என் வாதம் செல்லாது. அதற்குக் கெய்ன்ஸிலோ போர்ட் டக்ளஸிலோ காசு கொடுத்துப் படகு ஏறத்தான் வேண்டும், நண்பர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.