ஒரு பெயருக்கு மட்டுமே இடம்

சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனிப் பெண்ணாக விண்ணப்பிப்பவர் ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ தத்துப் பெற இந்தியச் சட்டத்தில் இடமுண்டு. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் தகுதியே இல்லை.

மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’ 2022-ல் கொண்டுவந்த விதிமுறைகளின் 5(3) ஆவது விதிதான் காரணம். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது அது. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளவே சட்டம் இல்லாத நாட்டில் அந்த இரண்டு ஆண்டுக்கு எங்கே போவது? ஆண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டப்படி தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்க மாட்டார்கள்.

ஒரே பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தபோது இந்த விதியும் விசாரணைக்கு வந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் அது செல்லாது என்றார்கள். மற்ற மூவரும் செல்லும் என்றார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். மணமாகாத இணையர் நல்ல பெற்றோராக இருக்க முடியாது என்பது இதன் பொருளல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரவீந்திர பட்டும் குறிப்பிட்டார். 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

மருத்துவமனை வழியும் இப்படித்தான். 2021-ல் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்களில் ஒன்றின்படி, வாடகைத்தாய் முறை மணமான ஆண்-பெண் தம்பதிக்கும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவை அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே. ஆண் இணையருக்கு இதில் இடமே இல்லை. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் தனிப் பெண்ணை அனுமதிக்கிறது. ஆனால் அங்கேயும் அவர் தனிப் பெண்தான். கருமுட்டை தருபவர், இணையரே ஆனாலும், அச்சட்டத்தின் கண்ணில் வெறும் கொடையாளர். பிறக்கும் குழந்தைமீது அவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது.

ஆக, இவர்கள் வீட்டில் குழந்தை வளர்வதை இந்தியச் சட்டம் தடுக்கவில்லை. வளர்க்கும் இருவரில் ஒருவரை அந்நியராக்குகிறது, அவ்வளவுதான். இதில் முதலில் பாதிக்கப்படுவது குழந்தை. இரவெல்லாம் கண்விழித்துக் காய்ச்சல் பார்த்தவருக்கு, அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் உரிமை இல்லை. அவர் உயில் எழுதாமல் இறந்தால் குழந்தை அவருடைய வாரிசு ஆகாது. சட்டப்படியான பெற்றோர் இறந்துவிட்டாலோ, உறவினர்கள் வந்து குழந்தையைக் கேட்கும்போது இவர் எதைக் காட்டுவார்? உயில்கள் எழுதி வைக்கலாம். எந்த உயிலும் ஒருவரைத் தாயாகவோ தந்தையாகவோ ஆக்கிவிடாது. இருவரும் பிரிய நேர்ந்தால், அதுவரை அம்மா என்று அழைத்த ஒருவரைப் பார்க்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கும் எழுத்தில் இல்லை.

இத்தாலியிலும் இதையொத்த சிக்கல் இருந்தது. 2023-ல் பாதுவா நகரில் அரசு வழக்கறிஞர், பிறப்புச் சான்றிதழ்களிலிருந்து பெற்றெடுக்காத தாய்மாரின் பெயரை நீக்கக் கோரினார். 2025 மே மாதம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், இருவரும் சேர்ந்து முடிவெடுத்து வெளிநாட்டில் சிகிச்சை பெற்றிருந்தால் பிறந்த நாள் முதலே இருவரும் தாய்மார்தான் என்று தீர்ப்பளித்தது. அதன் வாதம் முழுக்கக் குழந்தையின் உரிமையைச் சுற்றியே அமைந்திருந்தது.

அதே மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை, அவர் விருப்பப்படி தன் பெண் இணையருடன் வாழ விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றனர் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும். பெரிய வார்த்தை அது. ஆனாலும் தத்தெடுப்பு விதியைத் தொடவில்லை. 2024-ல் மத்திய அரசு தந்த விளக்கங்களோ ஒரே பாலின இணையருக்கு ரேஷன் அட்டையும் கூட்டு வங்கிக் கணக்கும் உண்டு என்பதுவரை வந்தன. இளைஞர் நீதிச் சட்டமே மணமாகாத இணையரைத் தடுக்கவில்லை, விதிதான் அதை மீறிச் சென்றது என்று சந்திரசூட் எழுதியிருக்கிறார். விதியைத் திருத்தும் அதிகாரம் அரசின் கையிலேயே இருக்கிறது.