வேம்பநாட்டுக் காயலில் ஒரு சூரியப் படகு

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டு கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து விழும் நீர் அங்கே மின்சாரமாயிற்று. அதே மாநிலத்தின் தாழ்நிலத்தில், நீரின்மேல் மிதந்தவாறே வெயிலை மின்சாரமாக்கும் முயற்சி 2017 ஜனவரியில் நிறைவேறியது. வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடும் ‘ஆதித்யா’, இந்தியாவின் முதல் சூரியமின் பயணிகள் படகாகும். வைக்கம் என்றதும் 1924ஆம் ஆண்டுப் போராட்டத்தை நினைக்கும் நம்மவர்கள், அவ்வூர்ப் படகுத்துறையையும் ஒருமுறை கண்டு வரலாம்.

கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டிய இப்படகைக் கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இயக்குகிறது. 75 பேர் பயணம் செய்யலாம். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள்; அடியில் 50 யூனிட் கொள்ளும் லித்தியம் மின்கலங்கள். நல்ல வெயில் நாளில் தகடுகள் ஏறத்தாழ 80 யூனிட் தரும். குறைவதைக் கரையிலுள்ள மின் இணைப்பு ஈடுசெய்யும். படகின் நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். இந்த அகலம் அழகுக்காக அன்று. தகடுகளுக்கு இடம் வேண்டும். உச்சியில் எடை ஏறினால் படகு சாயாதிருக்கவும் வேண்டும். இரட்டை உடல் அமைப்பு இரண்டுக்கும் வழி செய்கிறது.

படகிலேயே தங்கி வாழ விரும்புவோரின் கணக்கு வேறு. மூன்று மின்விசிறி, சில எல்.இ.டி. விளக்கு, கைபேசி, சிறு குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று யூனிட் போதும். ஒரு கிலோவாட் தகடு நான்கு யூனிட் அளவில் தரும் என்பதால் இதில் சிக்கலே இல்லை. இரவு முழுவதும் ஓடும் ஒரு குளிர்சாதனம் மட்டுமே ஆறு யூனிட்டுக்கு மேல் கேட்கும். அறைக்கு ஒரு குளிர்சாதனம் என்றால் கூரையில் இடம் போதாது. ஆலப்புழைப் படகுவீடுகளில் இரவில் டீசல் ஜெனரேட்டர் உறுமுவது இதனால்தான். சூரிய மின்சாரத்திற்கு மாற எண்ணும் உரிமையாளர் முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் விலையை அன்று, குளிர்சாதனங்களின் எண்ணிக்கையை.

இடத்திற்கேற்ற சில இடையூறுகளும் உண்டு. குட்டநாட்டின் குறுகிய கால்வாய்களில் தென்னை நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும், அத்துடன் வரிசையாக இணைந்த பிற தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும். கோடையில் காயலில் உப்பேறும்போது இணைப்பு முனைகள் அரிக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி பாதியாகக்கூடக் குறையலாம். எனவே கரை மின் இணைப்பை அறவே கைவிடுவது சரியன்று.

செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது; சேமிப்போ நாள்தோறும் சிறிது சிறிதாக வருகிறது. தகடுகள் 25 ஆண்டுகள் உழைக்கும், மின்கலங்களை அதற்குள் மாற்றவேண்டிவரும். கடன் கேட்டு வருவோர் திட்ட மதிப்பீட்டில் அந்த மாற்றுச் செலவையும் தனி வரியாகக் காட்டிவிடுவது நன்று.